ஒரு போர்க்கப்பலின் ஆயுள் எவ்வளவு? வார்ஸ்பைட் கப்பலை வைத்து ஒரு விளக்கம்

1916-ல் வடகடலில் ஜெர்மன் கடற்படையோடு மோதிய ஒரு பிரிட்டிஷ் கப்பல், 1944-ல் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இருந்த ஜெர்மன் பீரங்கிகள் மேல் குண்டு மாரி பொழிந்தது. இடையில் 28 வருடம். முதல் சண்டையின்போது விமானம் என்பது மரச்சட்டமும் துணியும்தான். இரண்டாவதன்போது ஜெட் விமானமே வந்துவிட்டது. ஆயுதங்கள் இவ்வளவு வேகமாக மாறிய காலத்தில் ஒரே கப்பல் எப்படி இரண்டு உலகப் போர்களிலும் முன்வரிசையில் நின்றது?

அந்தக் கப்பலின் பெயர் வார்ஸ்பைட். போர்க்கப்பலின் பணிக்காலம் என்றால் என்ன, அதை நீட்டுவதும் குறைப்பதும் எது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்துவிடலாம். ஒரு கப்பலுக்கு மூன்று தேதிகள் சொல்வார்கள். அடிப்பகுதியின் முதுகெலும்பான நெடுஞ்சட்டத்தை வைத்து வேலை தொடங்கும் நாள், வெறும் உடலாகத் தண்ணீரில் இறக்கும் நாள், எல்லாம் பொருத்தி முடித்து மாலுமிகளோடு கடற்படையில் சேரும் நாள். வார்ஸ்பைட்டுக்கு இங்கிலாந்தின் டெவன்போர்ட் கப்பல் தளத்தில் 1912 அக்டோபர் 31-ல் வேலை தொடங்கியது. 1913 நவம்பர் 26-ல் தண்ணீரில் இறங்கியது. 1915 மார்ச்சில்தான் கடற்படையில் சேர்ந்தது. பணிக்காலம் என்பது இந்த மூன்றாவது தேதியிலிருந்து. முடிவு என்பது பெரும்பாலும் கப்பல் மூழ்குவது அல்ல. மாலுமிகளை இறக்கிவிட்டு ரிசர்வில் நிறுத்துவார்கள், பிறகு காயலான் கடைக்கு விற்பார்கள்.

சரக்குக் கப்பலின் ஆயுளைத் துருவும் லாபக் கணக்கும் தீர்மானிக்கும். போர்க்கப்பலின் விஷயம் வேறு. அதன் இரும்பு நன்றாகவே இருக்கும், ஆனால் எதிரி அதைவிடப் பெரிய பீரங்கியோடும் அதிக வேகத்தோடும் ஒரு கப்பல் கட்டிவிட்டால் கதை முடிந்தது. இதற்கு டிரெட்நாட் என்ற கப்பலே சாட்சி. 1906 டிசம்பரில் அது வந்தபோது உலகத்தின் மற்ற பெரிய போர்க்கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன என்றார்கள். 1921-ல் அதையே உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள். புரட்சி செய்த கப்பலுக்கே 15 வருடம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. அப்படியிருக்க, வார்ஸ்பைட் 1945 வரை தாக்குப்பிடித்தது எப்படி என்பதுதான் நம் கேள்வி.

பிறப்பிலேயே இருந்த பலம்

குயின் எலிசபெத் வகுப்பு என்று அழைக்கப்பட்ட ஐந்து கப்பல்களில் வார்ஸ்பைட் ஒன்று. மற்ற நான்கு குயின் எலிசபெத், வேலியன்ட், பார்ஹாம், மலாயா. கடைசிக் கப்பலின் செலவை மலாயா கூட்டு மாநிலங்களின் அரசு ஏற்றது, பெயரும் அதனால்தான். இவை பேட்டில்ஷிப் ரகம். அதாவது மிகப் பெரிய பீரங்கிகளும் மிகத் தடித்த கவசமும் கொண்டு, எதிரியின் அதே ரகக் கப்பலோடு நேருக்கு நேர் மோதுவதற்கென்றே கட்டப்பட்டவை.

இந்த ஐந்தையும் திட்டமிட்டபோது பிரிட்டிஷ் கடற்படை அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். அப்போது இரண்டு துணிச்சலான முடிவுகள் எடுக்கப்பட்டன. ஒன்று, 15 அங்குல விட்டமுள்ள பீரங்கி. அதற்கு முந்தைய கப்பல்களில் இருந்தது 13.5 அங்குலம். புதிய பீரங்கியைச் சுட்டுப் பார்த்து முடிவு தெரிவதற்கு முன்பே கப்பல்களுக்கு ஆர்டர் போட்டுவிட்டார்கள். சரியாக அமையாமல் போயிருந்தால் பெரிய தலைகுனிவாகியிருக்கும். ஆனால் அதுவே பிரிட்டிஷ் கடற்படையின் மிக வெற்றிகரமான கனரகப் பீரங்கியாக அமைந்தது. ஒரு குண்டின் எடை சுமார் 870 கிலோ. கப்பலில் இப்படி எட்டுப் பீரங்கிகள், இரண்டிரண்டாக நான்கு சுழல்மேடைகளில்.

இரண்டாவது முடிவு எரிபொருள். பிரிட்டனில் நல்ல நிலக்கரி கொட்டிக் கிடந்தது, எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்ற நிலை. இருந்தும் இந்தக் கப்பல்களை முழுக்க எண்ணெயில் ஓடும்படி கட்டினார்கள். நிலக்கரியைவிட எண்ணெயில் அதே எடைக்குச் சூடு அதிகம். மண்வெட்டியால் அள்ளிப் போட நூற்றுக்கணக்கான ஆட்கள் வேண்டாம், கடலிலேயே நிரப்பிக்கொள்ளவும் வழி உண்டு. மணிக்கு 23, 24 கடல்மைல் வேகம் கிடைத்தது. அந்தக் காலத்துப் பேட்டில்ஷிப்புகள் 21-ஐத் தொடுவதே வழக்கம். இதற்கு விலையும் இருந்தது. எண்ணெயை உறுதிப்படுத்த, 1914-ல் ஈரானில் எண்ணெய் எடுத்துவந்த ஆங்கிலோ-பெர்ஷியன் ஆயில் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை பிரிட்டிஷ் அரசு வாங்கியது. அதன் பின்விளைவுகளை ஈரான் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் அனுபவித்தது என்பது தனிக் கதை.

நீண்ட ஆயுளுக்கு முதல் காரணம் இதுதான். கட்டும்போதே கொஞ்சம் முன்னால் போய்க் கட்டினார்கள்.

வட்டமடித்த கப்பல்

1916 மே 31. டென்மார்க்குக்கு மேற்கே, ஜட்லண்ட் சண்டை. இரு தரப்பிலும் சேர்த்து 250 கப்பல்கள். வார்ஸ்பைட் தன் சகோதரக் கப்பல்களோடு ஐந்தாம் படையணியில் இருந்தது (குயின் எலிசபெத் மட்டும் அன்று பழுதுபார்ப்பில்). மாலையில் சண்டை உச்சத்தில் இருந்தபோது, முன்னால் போன கப்பலோடு இடித்துவிடாமல் இருக்கச் சட்டென்று திரும்பியது. சுக்கான் அப்படியே சிக்கிக்கொண்டது. நேராக்க முடியவில்லை. கேப்டன் ஃபில்பாட்ஸ் நின்று பின்வாங்கப் பார்க்கவில்லை. நின்றால் செத்தோம் என்று தெரியும். வேகத்தைக் குறைக்காமல், ஜெர்மன் வரிசையின் கண்ணெதிரே கப்பல் முழு வட்டமாகச் சுற்றியது, ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

எதிரிக்கு இதைவிட நல்ல குறி கிடைக்குமா? ஜெர்மன் பீரங்கிகள் எல்லாம் வார்ஸ்பைட் பக்கம் திரும்பின. அருகில் நொறுங்கிப் போயிருந்த வாரியர் என்ற சிறிய கப்பல் அந்த இடைவெளியில் மெல்ல நழுவித் தப்பியது. வாரியரின் ஆட்கள் வார்ஸ்பைட் தங்களைக் காக்கவே வேண்டுமென்று சுற்றியதாக நினைத்து நன்றி பாராட்டினார்கள் என்பார்கள். உண்மையில் அது சுக்கான் செய்த வேலை.

பன்னிரண்டுக்கு மேற்பட்ட பெரிய குண்டுகள் பட்டும் வார்ஸ்பைட் மூழ்கவில்லை. அதில் இறந்தவர்கள் 14 பேர். அதே நாளில் மூன்று பிரிட்டிஷ் பேட்டில்குரூஸர்கள் வெடித்துச் சிதறி, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டார்கள். அவை வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்துக் கட்டியவை. வெடிமருந்தைக் கவனக்குறைவாகக் கையாண்டதும் சேர்ந்துகொண்டது.

அந்தச் சுக்கான் தொல்லை மட்டும் கடைசிவரை போகவே இல்லை. எத்தனை முறை பழுதுபார்த்தும், எதிர்பாராத நேரத்தில் மீண்டும் முரண்டு பிடிக்கும். சில குணங்கள் கப்பலோடேயே வரும் போல.

ஒப்பந்தம் கொடுத்த ஆயுள்

போர் முடிந்ததும் சாதாரணமாக நடக்க வேண்டியது என்ன? அமெரிக்காவும் ஜப்பானும் 16 அங்குலப் பீரங்கிகளோடு கப்பல் கட்டத் தொடங்கியிருந்தன, பிரிட்டனும் அதற்கு மேல் பெரிதாகத் திட்டமிட்டது. அந்தப் போட்டி ஓடியிருந்தால் வார்ஸ்பைட் 1930-க்குள் உடைபட்டிருக்கும் என்பது என் கணிப்பு.

ஓடவில்லை. எந்த நாட்டிடமும் பணம் இல்லை. 1922 பிப்ரவரியில் வாஷிங்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பத்து வருடத்துக்குப் புதிய பேட்டில்ஷிப் யாரும் கட்டக் கூடாது, ஒரு சில விதிவிலக்குகள் தவிர. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் தலா 5,25,000 டன், ஜப்பானுக்கு 3,15,000 டன். ஒரு கப்பலுக்கு 20 வயதானால்தான் அதற்குப் பதில் புதிது கட்டலாம். 1930-ல் லண்டனில் கூடி இந்தத் தடையை 1936 வரை நீட்டினார்கள்.

இதை ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் என்று படிக்கிறோம், சரிதான். ஆனால் பழைய கப்பல்களின் பக்கம் இருந்து பார்த்தால் அதுவே ஆயுள் நீட்டிப்பு உத்தரவு. புதிது கட்ட முடியாது என்றால் இருப்பதைத்தானே சீர்செய்ய வேண்டும்? அதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு சந்து இருந்தது. விமானத் தாக்குதலிலிருந்தும் நீர்மூழ்கியிலிருந்தும் பாதுகாத்துக்கொள்ள ஒரு கப்பலில் 3,000 டன் வரை கூடுதலாகச் சேர்க்கலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். ரீஃபிட் என்பது சில மாதங்கள் நடக்கும் பராமரிப்பும் சின்னச் சின்ன மாற்றங்களும். புனரமைப்பு என்பது கப்பலைக் கிழித்துப் போட்டு மறுபடி கட்டுவது. வார்ஸ்பைட்டுக்கு இரண்டும் நடந்தன.

1924 முதல் 1926 வரை நடந்தது முதல் பெரிய வேலை. கப்பலின் இரு பக்கமும் தண்ணீருக்குக் கீழே உப்பலாக ஓர் அறையைச் சேர்த்தார்கள். நீருக்கடியில் பாய்ந்து வரும் வெடிகுண்டான டார்பிடோ மோதினால் அந்த அறை வெடித்து நாசமாகும், உள்ளுடம்பு தப்பும். மேலே தளத்துக்குப் புகை வந்து தொல்லை கொடுத்த இரண்டு புகைபோக்கிகளை ஒன்றாகச் சேர்த்தார்கள்.

உண்மையான மறுபிறவி 1934 முதல் 1937 வரை போர்ட்ஸ்மத்தில். பழைய வீட்டின் சுவரையும் அஸ்திவாரத்தையும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் இடித்துக் கட்டுவது போன்ற வேலை அது. 24 கொதிகலன்களைக் கழற்றி எறிந்துவிட்டு ஆறே ஆறு வைத்தார்கள். அந்த ஆறும் பழைய 24-ஐவிடக் கூடுதல் திறன் தந்தன. இருபது வருடத்தில் பொறியியல் எவ்வளவு முன்னேறியது என்பதற்கு இது ஒன்றே போதும். எந்திரங்களின் எடை குறைந்ததால் மிச்சமான எடையை வேறு இடத்தில் செலவழிக்க முடிந்தது. மேல்தளக் கவசத்தைத் தடிப்பாக்கினார்கள், விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் சேர்த்தார்கள், விமானம் வைக்கும் கூடமும் அதை வீசி எறிந்து பறக்கவைக்கும் கவண் எந்திரமும் வந்தன. எண்ணெய்ச் செலவும் வெகுவாகக் குறைந்தது, அதனால் அதிக தூரம் போக முடிந்தது.

பீரங்கிகள் அதேதான். ஆனால் அவற்றை நிமிர்த்தும் கோணத்தை 20 டிகிரியிலிருந்து 30 டிகிரியாக்கினார்கள். குழல் எவ்வளவு நிமிர்கிறதோ, குறிப்பிட்ட எல்லை வரை குண்டு அவ்வளவு தூரம் போகும். புதிய வடிவக் குண்டுகளும் சேர, சுமார் 22 கிலோமீட்டராக இருந்த தூரம் ஏறக்குறைய 29 கிலோமீட்டர் ஆனது. மொத்தச் செலவு 23 லட்சம் பவுண்டுக்கு மேல். சகோதரக் கப்பல்களில் குயின் எலிசபெத்தும் வேலியன்ட்டும் பிறகு இதைவிட நன்றாகவே புனரமைக்கப்பட்டன. பார்ஹாமுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. 1941 நவம்பரில் நீர்மூழ்கியின் டார்பிடோக்கள் பட்டு அது சில நிமிடங்களில் வெடித்து மூழ்கியது, 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இரண்டாவது போர்

1940 ஏப்ரல் 13. நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்குள், இருபுறமும் மலை நெருக்கும் குறுகிய கடல்வாய்க்குள், நாசகாரி எனப்படும் ஒன்பது சிறிய, வேகமான போர்க்கப்பல்களோடு வார்ஸ்பைட் நுழைந்தது. பேட்டில்ஷிப்பைக் கொண்டுபோகவே கூடாத இடம் அது. உள்ளே இருந்த எட்டு ஜெர்மன் நாசகாரிகளும் அன்று அழிந்தன. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பீரங்கி அல்ல, 1937-ல் சேர்த்த அந்த விமான வசதி. வார்ஸ்பைட்டிலிருந்து கிளம்பிய ஸ்வோர்ட்ஃபிஷ் கடல்விமானம் முன்னால் பறந்து, பதுங்கியிருந்த கப்பலைக் காட்டிக்கொடுத்தது. போதாதற்கு, யூ-64 என்ற நீர்மூழ்கியைக் குண்டு போட்டு மூழ்கடித்தது.

மூன்று மாதம் கழித்து, ஜூலை 9 அன்று, இத்தாலியின் கலாப்ரியா கரைக்கு அப்பால் வார்ஸ்பைட் சுட்ட ஒரு குண்டு ஜூலியோ சேசரே என்ற இத்தாலியக் கப்பலைத் தாக்கியது. இடைத்தூரம் சுமார் 24 கிலோமீட்டர். குண்டு காற்றில் இருந்த நேரமே அரை நிமிடத்துக்கு மேல். அதற்குள் இரண்டு கப்பல்களும் நகர்ந்துகொண்டிருந்தன. ஓடும் கப்பலிலிருந்து ஓடும் கப்பலை அடித்ததில் மிக நீண்ட தூரங்களில் ஒன்று என்று இன்றும் குறிப்பிடுவார்கள். பழைய கோணத்தில், 20 டிகிரியில், அந்தக் குண்டு எட்டியிருக்கவே முடியாது. வேடிக்கை என்னவென்றால், அடிபட்ட ஜூலியோ சேசரேயும் 1911-ல் தண்ணீரில் இறங்கி, 1930-களில் முற்றிலும் மாற்றிக் கட்டப்பட்ட இன்னொரு கிழட்டுக் கப்பல்தான். ஒரே ஒப்பந்தம் வளர்த்த இரண்டு பிள்ளைகள்.

மத்தியதரைக் கடலில் அட்மிரல் கன்னிங்ஹாமின் தலைமைக் கப்பலாக இருந்தது வார்ஸ்பைட். 1941 மார்ச் 28 இரவு, கிரேக்கத்துக்குத் தெற்கே மட்டபான் முனையருகே, அடிபட்டு நின்ற போலா என்ற தங்கள் கப்பலை மீட்க இத்தாலியர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களிடம் ராடார் இல்லை. பிரிட்டிஷ் தரப்பில் சில கப்பல்களில் இருந்தது. இருட்டில் மூன்றரை கிலோமீட்டர் தூரத்தில் மூன்று பேட்டில்ஷிப்புகள் காத்திருப்பது, விளக்கு தங்கள் மேல் விழும்வரை அவர்களுக்குத் தெரியாது. மூன்று குரூஸர்கள் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்கள்), இரண்டு நாசகாரிகள் போயின. 2,300-க்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் இறந்தார்கள். சண்டை என்று சொல்லவே கூசும் அளவுக்கு ஒருதலைப்பட்சமானது அது. வேலியன்ட்டில் தேடுவிளக்கைக் கவனித்துக்கொண்ட இளம் அதிகாரிதான் பிற்காலத்தில் இரண்டாம் எலிசபெத் ராணியை மணந்த பிலிப்.

ஆனால் இதற்குள் காலம் மாறிவிட்டது. 1941 மே 22 அன்று கிரீட் தீவருகே விமானக் குண்டு ஒன்று வார்ஸ்பைட்டின் வலப்பக்கத்தைக் கிழித்தது. 38 பேர் இறந்தார்கள். ஜட்லண்டில் அத்தனை பெரிய குண்டுகள் பட்டு இறந்தவர்களைவிட இது இரண்டரை மடங்கு. பழுதுபார்க்க அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் பிரெமர்ட்டனுக்கு அனுப்பினார்கள். சூயஸ் கடந்து, இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும் தாண்டி. அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை. அங்கே பெரிய பீரங்கிக் குழல்களையும் மாற்றினார்கள். புதியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. பீரங்கிக் குழல் நிரந்தரமானது அல்ல. முழு வெடிமருந்தோடு முந்நூறு சொச்சம் குண்டு சுட்டால் உள்பக்கம் தேய்ந்து குறி தப்பத் தொடங்கிவிடும், குழலை மாற்றியாக வேண்டும்.

அந்த டிசம்பரில் நடந்த இன்னொன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் புத்தம்புதுப் பேட்டில்ஷிப் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், 1941 தொடக்கத்தில் பணியில் சேர்ந்தது. டிசம்பர் 10 அன்று மலாயா கரைக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அதையும், கூடவே சென்ற ரிபல்ஸையும் மூழ்கடித்தன. புதுக் கப்பலின் ஆயுள் ஒரு வருடம்கூட இல்லை, 26 வருடக் கிழவி பழுதுபார்த்துத் திரும்பி வருகிறது. கப்பலின் வயதுக்கும் அது பிழைப்பதற்கும் நேர்த்தொடர்பு எதுவும் இல்லை. மேலே காவலுக்கு நம் விமானம் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வியாகிவிட்டது.

இந்தப் பாடம் தெரிந்ததால்தான் 1942-ல் இந்தியப் பெருங்கடலில் வார்ஸ்பைட் எதையும் சுடவில்லை. இலங்கையைக் காக்க வந்த கிழக்குப் படையின் தளபதி சோமர்வில்லுக்கு அதுவே தலைமைக் கப்பல். ஏப்ரல் 5 அன்று கொழும்பின் மேலும் 9 அன்று திருகோணமலையின் மேலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சோமர்வில் தன் படையை மாலத்தீவின் அட்டு அட்டோலுக்கும், அப்புறம் ஆப்பிரிக்கக் கரைக்கும் ஒதுக்கிக்கொண்டார். கோழைத்தனம் என்று சிலர் சொல்லலாம். ஐந்து விமானந்தாங்கிகளோடு வந்தவனிடம் பழைய பேட்டில்ஷிப்பைக் கொண்டுபோய் நிறுத்துவதில் என்ன வீரம் இருக்கிறது?

புது வேலை

அப்படியானால் பேட்டில்ஷிப்புக்கு வேலையே இல்லையா? இருந்தது, கட்டியவர்கள் நினைக்காத வேலை. எதிரிக் கரையில் படைகள் இறங்கும்போது, கடலில் நின்று உள்நாட்டைச் சுடுவது. 870 கிலோ குண்டை, குறி தவறாமல், நாள் முழுக்க, 20 கிலோமீட்டருக்கு அப்பால் போட வேறு எந்தக் கருவியும் அப்போது இல்லை. 1943-ல் சிசிலியில் கட்டானியா நகரைச் சுட வேகமாக விரைந்தபோது, கிழவி பாவாடையைத் தூக்கிக்கொண்டால் நன்றாகவே ஓடுவாள் என்ற பொருளில் கன்னிங்ஹாம் செய்தி அனுப்பினார். அதிலிருந்து கிழவி என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது.

அதே வருடம் செப்டம்பர் 16, இத்தாலியின் சலர்னோ கரை. இந்த முறை விழுந்தது சாதாரணக் குண்டு அல்ல. ஃபிரிட்ஸ் எக்ஸ் என்ற ஜெர்மன் குண்டு, ஏறக்குறைய 1,400 கிலோ. மேலே பறக்கும் விமானத்திலிருந்து ரேடியோ மூலம் திசைதிருப்பப்படுவது. ஒரு வாரம் முன்பு ரோமா என்ற புது இத்தாலியப் பேட்டில்ஷிப்பை மூழ்கடித்தது இதே ஆயுதம்தான். வார்ஸ்பைட்டில் அது தளம் தளமாகத் துளைத்துக்கொண்டு கொதிகலன் அறைக்குள் போய் வெடித்து, அடிப்பாகத்தில் பெரிய ஓட்டை போட்டது. எந்திரம் நின்றது. இழுவைப் படகுகள் மால்டாவுக்கு இழுத்துப் போயின. இறந்தவர்கள் ஒன்பது பேர் மட்டுமே என்பது ஆச்சரியம்தான்.

அதற்குப் பிறகு அது முழுக் கப்பல் அல்ல. ஒரு கொதிகலன் அறையைச் சரிசெய்யவே இல்லை. அடியில் இருந்த ஓட்டையை கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். நான்கு சுழல்மேடைகளில் ஒன்று இயங்கவில்லை. இந்த நிலையில்தான், ஆறு பீரங்கிகளோடு, 1944 ஜூன் 6 விடியற்காலையில் நார்மண்டிக்கு வந்தது. ஒரு வாரத்தில் பீரங்கிக் குழல்கள் தேய்ந்துவிட்டன. மாற்றுவதற்காக வடக்கே போகும் வழியில், ஜூன் 13 அன்று ஹார்விச் அருகே கடல் கண்ணிவெடி. அப்புறமும் விடவில்லை. மெதுவாக நகர்ந்துகொண்டே பிரான்ஸின் பிரெஸ்ட், லெ ஹாவ்ர், கடைசியாக நவம்பர் 1 அன்று நெதர்லாந்தின் வால்கரன் தீவு. அதன் பிறகு அது சுடவில்லை. 1945 பிப்ரவரியில் ரிசர்வுக்குப் போனது.

அருங்காட்சியகமாக வைக்கலாம் என்று குரல்கள் எழுந்தன. 1946-ல் உடைப்பதென்று முடிவானது. போரில் நொடித்துப் போன நாடு, வீடுகளுக்கே இரும்பு போதாத நேரம், அந்த முடிவை என்னால் குறை சொல்ல முடியவில்லை. 1947 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் உடைப்புத் தளத்துக்கு இழுத்துப் போகையில் புயலில் இழுவைக் கயிறு அறுந்து, 23-ஆம் தேதி கார்ன்வால் கரையில் பிரஷ்யா கோவ் என்ற இடத்தில் பாறையில் ஏறிக்கொண்டது. உள்ளே இருந்த சிலரை உயிர்காக்கும் படகு வந்து மீட்டது. எடுக்க முடியாமல் தவித்து, 1950-ல் சற்றுத் தள்ளி நகர்த்தி, அங்கேயே துண்டு துண்டாக வெட்டி முடிக்க 1950-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. கட்டுவதற்கு ஆனதைவிட உடைப்பதற்கு அதிக காலம்.

இந்த வகைக் கப்பலை நேரில் பார்க்க வேண்டுமென்றால் வழி இருக்கிறது. இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றிய பேட்டில்ஷிப்புகளில் இன்று மிஞ்சியிருப்பது அமெரிக்காவின் டெக்ஸாஸ், அந்தப் பெயருள்ள மாநிலத்திலேயே. ஜட்லண்டில் இருந்த கரோலைன் என்ற குரூஸர் பெல்ஃபாஸ்டில் அருங்காட்சியகமாக இருக்கிறது. லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியக வாசலில் நிற்கும் இரண்டு பெரிய பீரங்கிகளும் வார்ஸ்பைட்டில் இருந்த அதே 15 அங்குல ரகம். அவற்றில் ஒன்று ராமிலீஸ் கப்பலுடையது, மற்றது ரெசொல்யூஷனில் இருந்து பிறகு ராபர்ட்ஸ் என்ற கப்பலுக்கு மாறியது. அந்த ராபர்ட்ஸும் வால்கரனில் வார்ஸ்பைட்டோடு சேர்ந்து சுட்டது.